பால் கம்பம்

அம்சவல்லி இறந்த பன்னிரண்டாம் நாள், இறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை எழுத்தர் நிரப்பினார். பெயர், வயது, கணவர் பெயர். ‘தொழில்’ என்ற கட்டத்தில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘இல்லை’ என்று எழுதினார்.

எதிரே நின்ற மகள் வேம்பு பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். அளவுப் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடிப்பதே அவள் பிழைப்பு. இது தப்பு என்றாள்.

“அப்ப என்னன்னு போடுறது, மேடம்?”

அந்தக் கட்டம் ஒன்றேகால் அங்குல நீளம். வேம்புவுக்கு ஒரு வார்த்தையும் அதில் அடங்கவில்லை.

அவள் அம்மா செய்த வேலை இதுதான்.

கருவேலங்குடி கீழத் தஞ்சையில் கடைமடைக்குப் பக்கத்து ஊர். வேதாரண்யம் பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். நாற்பது வேலி நிலம், ஒரே மிராசுதார், பெயர் இராஜாங்கம். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவரிடம் நாற்பது வேலி இருக்கவில்லை. மாடு மேய்க்கிறவன் பெயரிலும், சமையல்காரர் பெயரிலும், எப்போதோ செத்துப்போன அத்தை பெயரிலும் இருந்தது. உழுகிறவர்களும் நடுகிறவர்களும் தெற்குத் தெருவில் இருந்தார்கள். அவர்கள் குடிசை நின்ற மண்ணும் அவருடையதே.

அம்சவல்லிக்கு முதலில் பிறந்தது பையன். பதினோரு மாதத்தில், சம்பா நடவின்போது, வாய்க்கால் கரையில் இருந்த இலுப்பை மரத்தில் அவன் காலைக் கயிற்றால் கட்டிவிட்டு வயலில் இறங்கினாள். தெருவில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்தார்கள். கைப்பிள்ளையை விட்டுவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? கிழவிகளும் வயலில்தான் நின்றார்கள். கயிறு ஒன்பது முழம். மரத்திலிருந்து வாய்க்கால் விளிம்பு ஏழு முழம். காலையில் கட்டும்போது வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் அந்த இரண்டு முழத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு முன்னால், முறை வைத்துத் திறக்கும் தண்ணீர் வாய்க்காலில் வந்தது.

பிள்ளை அழுதது அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்தாள். வரப்பில் குடையோடு நின்ற மிராசுதாரின் காரியக்காரர் குஞ்சிதபாதம், வரிசையை முடித்துவிட்டுக் கரையேறச் சொன்னார். நடவில் அதுதான் சட்டம். ஒருத்தி ஏறினால் வரிசை கோணிப்போகும். மீதி இருந்தது நாற்பது கெஜம். அவள் நட்டாள். பாதியிலேயே அழுகை நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

விபத்து என்று எழுதினார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் அரிசியும் ஒரு சேலையும் வந்தன. மஞ்சளில் கறுப்புப் புள்ளி போட்ட சேலை. குஞ்சிதபாதமே கொண்டுவந்து கொடுத்தார். கெட்ட மனுசன் இல்லை என்று அவரை ஊரில் இன்றும் சொல்வார்கள். அரிசியை அவள் மாமியார் பொங்கினாள். சேலையை அம்சவல்லி பிரிக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேம்பு பிறந்தாள். அடுத்த சம்பா நடவுக்கு அவளுக்கு ஏழு மாதம். 1970, ஆவணி. நடவுக்கு வந்த பன்னிரண்டு பெண்களில் கைப்பிள்ளைக்காரிகள் ஏழு பேர். அதில் அகிலாண்டம் பெற்று இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உதிரம் நிற்கவில்லை. முழங்கால் சேற்றில் நிற்க வந்திருந்தாள். வராவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வேலை கிடையாது.

அம்சவல்லி அவளை வயலில் இறங்க விடவில்லை. இலுப்பை மரத்தடியில் நாலு பனங்கால் ஊன்றி, தென்னங்கீற்றுப் போட்டு, ஏழு தூளி கட்டினாள். யார் உடம்பு மிகவும் பச்சையோ அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அவள் பங்கு நடவை மற்ற பதினொரு பேரும் சேர்ந்து நட்டுக் கொடுப்பது. தெருவில் முதல் நாள் சாயங்காலமே பேசி வைத்தது. ராசம்மாளும் காளியம்மாளும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத ஐந்து பேர்தான் முணுமுணுத்தார்கள். நாளைக்கு உங்களுக்கும் வயிறு வாய்க்கும் என்று ராசம்மாள் சொன்னதும் சிரித்துவிட்டார்கள்.

குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை.

“பன்னெண்டு பேருக்குக் கூலின்னா பன்னெண்டு முதுகு வளையணும்.”

“முதுக எண்ணாதீங்கய்யா. சாயந்தரம் வயல எண்ணுங்க” என்றாள் அம்சவல்லி.

சாயங்காலம் அவர் நடந்து பார்த்தார். பன்னிரண்டு பேர் நட வேண்டியது நட்டாகியிருந்தது. குடையை மடக்கிக்கொண்டு போனார்.

அடுத்த தொல்லை பால். கொட்டகையிலிருந்து நடவு வயல் சில நாள் இரண்டு பர்லாங்கு தள்ளிப் போய்விடும். எதிர்க்காற்று அடித்தால் அழுகை கேட்காது. கேட்டாலோ அது இன்னும் மோசம். எந்தப் பிள்ளை என்று தெரியாது. ஒரு பிள்ளை அழுதால் வயலில் நிற்கும் ஆறு பேருக்கும் மாரில் பால் இறங்கி ரவிக்கை நனையும். ஆறு பேரும் கரையேறுவார்கள். ஐந்து பேர் சும்மா ஓடிவந்து, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

அம்சவல்லி பதினெட்டு அடி மூங்கில் ஒன்றைக் கொட்டகைப் பக்கத்தில் ஊன்றினாள். உச்சியில் ஒரு பனைமட்டை வளையம், அதன் வழியாகக் கயிறு. ஆளுக்கு ஒரு துணி, ஆளுக்கு ஒரு நிறம். ராசம்மாளுக்குச் சிவப்பு. அகிலாண்டத்துக்குக் கறுப்பில் சிவப்புக் கரை. காளியம்மாளுக்கு நீலம். இப்படி ஏழு. எந்தப் பிள்ளைக்குப் பசியோ அந்தத் துணி மேலே ஏறும். நாற்று முடி எடுக்க நிமிரும்போது ஒரு பார்வை போதும். அவள் மட்டும் போவாள். தன் துணிக்காக அம்சவல்லி அந்தப் பிரிக்காத சேலையைப் பிரித்தாள். முந்தானையில் இரண்டு முழம் கிழித்தாள்.

யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருடம்.

தெருவில் அதற்குப் பால் கம்பம் என்று பெயர் வந்தது. ஒரு வாரத்தில் நடவு வேகம் கூடியது. பக்கத்து ஊர்க் காரியக்காரரிடம் குஞ்சிதபாதம் அதைப் பெருமையாகச் சொன்னதைப் பலரும் கேட்டார்கள். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம். அந்தத் துணிகள் என்ன என்று அவருக்குத் தெரியும். நிறம் நிறமாகத் தெரியும்.

கொடிக்கம்பங்களுக்காக மண்டை உடைந்துகொண்டிருந்த காலம் அது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடியைத் தெரு முனையில் ஏற்றினால், மிராசுதார்களின் ஆட்கள் ராத்திரியோடு வெட்டுவார்கள். மறுநாள் அதைவிட உயரமான கம்பம் நிற்கும். ஆளும் கட்சிக்காரர்கள் தங்கள் கறுப்பு சிவப்புக் கொடியைப் பக்கத்திலேயே நடுவார்கள். அம்சவல்லியின் கணவன் ரெத்தினம் சங்கத்தில் இருந்தான். கூலிக்காரன் மிராசுதார் முன்னால் நிமிர்ந்து நின்றதே சங்கத்தால்தான். அதை அவளும் மறுத்ததில்லை.

1971 புரட்டாசியில் தெருமுனைக் கம்பம் வெட்டுப்பட்டு, கைகலப்பாகி, ஊரில் கம்பம் ஊன்றவோ கொடி ஏற்றவோ கூடாது என்று உத்தரவு வந்தது. ஐந்தாம் நாள் காலை இராஜாங்கம் மாடியில் நின்று பல் விளக்கினார். தன் பச்சை வயலுக்கு மேலே ஒரு சிவப்புத் துணி ஏறுவதைப் பார்த்தார்.

ராசம்மாளின் பிள்ளைக்குப் பசி. வேறு ஒன்றுமில்லை.

பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. மூங்கிலைப் பிடுங்கி மூன்றாக ஒடித்தார்கள். கொட்டகையையும் பிரித்தார்கள். ஏழு துணியையும் மூட்டை கட்டினார்கள். கம்பம் யாருடையது என்று கேட்டதற்கு அம்சவல்லி சேற்றுக் கையோடு முன்னால் வந்தாள். துணிகள் எதற்கு என்று சொன்னாள். ஏட்டு மூட்டையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். புளித்த பாலும் பிள்ளை மூத்திரமும் நாறின. தெரிந்துதான் எழுதினார்.

எழுதியது இப்படி. வாய்க்கால் புறம்போக்கில் அனுமதியின்றிக் கம்பம் ஊன்றியது. உத்தரவை மீறிக் கொடி ஏற்றியது. இரு கட்சியாருக்குள் கலகம் உண்டாக்க முயன்றது. கைப்பற்றியவை: சிவப்பு, சங்கக் கொடி, ஒன்று. கறுப்பு சிவப்பு, ஆளும் கட்சிக் கொடி, ஒன்று. மற்றவை, அடையாளம் தெரியாத கட்சிக் கொடிகள், ஐந்து. சாட்சி: காரியக்காரர் குஞ்சிதபாதம்.

காளியம்மாள் பிறகு பல வருடம் தன்னை அடையாளம் தெரியாத கட்சியின் தலைவி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் மறுபடி மரத்தடிக்கு வந்தன. கயிறும் வந்தது.

மறுநாள் சங்கச் செயலாளர் மருதையன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர். அது நம் கொடிதான் என்று கோர்ட்டில் சொல்லிவிடு, வக்கீல் வைக்கிறோம், தாலுக்காவே உன் பின்னால் நிற்கும் என்றார். அவர் போனதும் ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் நடராசன் சைக்கிளில் வந்தார். வாயெல்லாம் தங்கச்சி. கறுப்பு சிவப்பை மட்டும் நிரந்தரமாக ஏற்றிவிடு, எந்தப் போலீஸ் தொடும் பார்க்கிறேன், கொட்டகையை மந்திரியை வைத்தே திறக்கலாம் என்றார்.

இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

“ஒங்க கொடிய ஏத்திப்புட்டா, எந்தப் புள்ளைக்குப் பசின்னு எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

மருதையன் தலையைக் குனிந்துகொண்டார். நடராசன் கோபித்துக்கொண்டு போனார். ரெத்தினம் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சங்கம் இவ்வளவு செய்ததற்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டாயா என்பது அவன் கேள்வி. அது பொய் வார்த்தை என்பது அவள் பதில். அது அவர்கள் வீட்டுச் சண்டை, அதோடு விடலாம்.

கம்பம் இல்லாத அந்த நடவில், காவலிருக்கிறவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடிவந்தாள். ஓடிவந்தால் மீதிப் பிள்ளைகள் தனியே கிடக்கும். ஓடாவிட்டால் ஒரு பிள்ளை கத்திக்கொண்டு கிடக்கும். நேரத்துக்குக் கொடுக்காமல் அம்சவல்லிக்கு இடது மார்பில் பால் கட்டியது. கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு நட்டாள். ஒன்பதாம் நாள் கட்டி உடைந்தது. அந்தப் பக்கம் அதோடு பால் நின்றுபோனது. வேம்பு ஒரு பக்கப் பாலில் வளர்ந்தாள். இதெல்லாம் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

வழக்கு பதினாலு மாதம் நடந்தது. பதினேழு வாய்தா. காலையில் ஆறு மைல் நடந்து, கோர்ட்டு வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், தேதி வாங்கிக்கொண்டு வெளியே வருவது. சாட்சி வரவில்லை, ஏட்டுக்கு மாற்றல், ஐயா லீவு. முதல் வாய்தாவிலேயே குமாஸ்தா ஒருவர் அவளுக்கு வழி சொன்னார். தப்பை ஒத்துக்கொண்டு, இனிமேல் அந்தக் கம்பத்தை நினைக்கவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும், சின்ன அபராதம்தான்.

“அந்தக் கம்பந்தாங்கய்யா வேணும்” என்றாள் அவள். அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பதினேழாவது வாய்தா 1972 ஐப்பசியில். சப்-மாஜிஸ்திரேட் புதிதாக வந்தவர், இளவயது, ஜலதோஷம் பிடித்திருந்தது. தெற்குத் தெருப் பெண்கள் எல்லாரும் அன்று கூட வந்திருந்தார்கள். கூட்டம் கூடாது என்று டவாலிச் சேவகன் அவர்களை விரட்டினான். வாசலுக்கு எதிரே, அறுபது அடி தள்ளி, தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று பிள்ளைகளை மட்டும் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் படுக்க வைத்தார்கள். காவலுக்கு ராசம்மாள். அந்த ஏழு பிள்ளைகளும் இப்போது நடக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் ஒன்றும் பால் மறக்கவில்லை.

குஞ்சிதபாதம் கூண்டில் ஏறினார். மேசைமேல் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. இவை என்ன என்று கேட்டதும், கொடிகள் என்றார். எந்தக் கட்சி என்றதும், சிவப்பையும் கறுப்பு சிவப்பையும் காட்டினார். மற்றது தெரியாது என்றார். அம்சவல்லி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அம்சவல்லிக்கு வக்கீல் கிடையாது. ஏதாவது கேட்கிறாயா என்று மாஜிஸ்திரேட் அவளைக் கேட்டார்.

“அவரக் கேக்க ஒண்ணும் இல்லீங்கய்யா. அதுல எதையாவது ஒண்ண எடுத்து அந்தச் சன்னல்ல காட்டச் சொல்லுங்க. நீங்களே பொறுக்குங்க.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பார்த்தார். நீலத்தைக் காட்டினார். டவாலி இரண்டு விரலால் அதை எடுத்து, சன்னலுக்கு வெளியே நீட்டினான்.

மரத்தடியில் காளியம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் அறுபது அடியைக் கடந்து, படியேறி, தாழ்வாரத்தில் தன் மகனைத் தேடினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“எம் புள்ள அழுவலியே. எதுக்குத் துணி காட்டுனீங்க?”

மாஜிஸ்திரேட் கறுப்பு சிவப்பைக் காட்டச் சொன்னார். அகிலாண்டம் வந்தாள். பச்சையைக் காட்டச் சொன்னார். பச்சைத் துணிக்காரி வந்தாள். பிறகு கூண்டுப் பக்கம் திரும்பி, இது எந்தக் கட்சி என்று குஞ்சிதபாதத்திடம் மறுபடி கேட்டார். குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமினார். 

மஞ்சள் மேசைமேலேயே கிடந்தது. அதை அவர் அடையாளம் கண்டிருப்பார். அவர் கையால் கொடுத்த சேலை.

மத்தியானம் தீர்ப்பு. கொடி என்பது நிரூபணமாகவில்லை, விடுதலை. துணிகளைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால், புறம்போக்கில் கம்பம் ஊன்றியது ஊன்றியதுதான். இனி சர்க்கார் நிலத்திலோ, உடையவர் அனுமதி இல்லாமல் பட்டா நிலத்திலோ கம்பமோ கொட்டகையோ நிறுவக் கூடாது.

அம்சவல்லி கைகூப்பிவிட்டுக் கேட்டாள்.

“சர்க்காரு மண்ணுல கூடாது. மிராசுதாரு மண்ணுல கூடாது. கருவேலங்குடியில மூணாவது மண்ணு எங்கய்யா இருக்கு?”

அதற்குப் பதில் சொல்வது அந்தக் கோர்ட்டின் வேலை இல்லை. மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கை எடுத்தார். மாடு மேய்க்கிறவன் பெயரில் ஐந்து வேலி நிலம் இருக்க முடிந்த ஊரில், செத்த அத்தைக்குக்கூடப் பட்டா இருந்த ஊரில், ஏழு பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஒரு மூங்கிலைச் சொருகும் அளவு மண் இல்லை. இத்தனைக்கும் அந்த ஊர் மண்ணை வருடம் முழுக்க மிதித்துச் சேறாக்கியவர்கள் அவர்கள்தான்.

ஆறு மைலும் நடந்து திரும்பினார்கள். ஊர் எல்லையில் ஒரு மூங்கில் குத்து உண்டு. அம்சவல்லி அங்கே நின்றாள். வேலை முடிந்து எதிரே வந்த ரெத்தினத்திடம் அரிவாளைக் கேட்டாள். முதலில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், கனம். வேறொன்று. கடைசியில் பன்னிரண்டு அடியில், ஒரு பெண் ஒரு கையால் தூக்கக் கூடியதாக ஒன்றைக் காட்டினாள். ரெத்தினம் வெட்டினான். கணு கணுவாக அவனே சீவினான். பதினாலு மாதத்தில் அந்தக் கம்பத்துக்காக அவன் செய்த முதல் வேலை.

மறுநாள் கடைசி வயலில் நடவு. கொட்டகை இல்லை. இலுப்பை மரத்தின் கிளையில் தூளிகள் தொங்கின. மரத்தில் தொங்கவிடக் கூடாது என்று தீர்ப்பில் இல்லை. மரத்தடியில் ராசம்மாள் மூங்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊன்றவில்லை. அடிமுனையைத் தன் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள், மண்ணைத் தொடாமல்.

குஞ்சிதபாதம் வரப்பில் வந்து நின்றார். கம்பத்தைப் பார்த்தார். கோர்ட்டு சொன்னது மறந்துபோச்சா என்றார்.

“ஊனக் கூடாதுன்னாங்க. புடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு சொல்லலியே. வேணும்னா குனிஞ்சி பாத்துக்கங்க, மண்ணுல பட்டிருக்கான்னு” என்றாள் ராசம்மாள்.

அவர் குனியவில்லை.

அடுத்த எட்டு வருடம் அதைக் கையில்தான் பிடித்தார்கள். மாற்றி மாற்றி, மழையிலும், வெயிலிலும். பச்சை உடம்புக்காரிக்குக் கை வலித்தால் தெருவிலிருந்து யாராவது வந்து பிடித்தார்கள். பக்கத்தில் நாலு ஊருக்கு அது பரவியது, எல்லாம் கையில் பிடித்த கம்பம்தான். அந்த எட்டு வருடத்தில் கருவேலங்குடி வாய்க்காலில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. வேம்பு பின்னாளில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்த்து இதைச் சரிபார்த்திருக்கிறாள். 1980இல் அரசு ஒரு குழந்தைகள் காப்பகம் கட்டியது. வயலிலிருந்து ஒன்றே முக்கால் மைல் தள்ளி, மெயின் ரோட்டோரம், கல்வெட்டோடு. கல்வெட்டில் பதினொரு பெயர், எல்லாம் ஆண்கள். நடவு நாட்களில் அது பூட்டிக் கிடந்தது.

ஆனால் அன்று, அந்தக் கடைசி வயலில், பதினோரு மணி இருக்கும். அம்சவல்லி நாற்று முடிக்காக நிமிர்ந்தாள். இலுப்பை மரத்தடியில் மூங்கில் லேசாக ஆடிக்கொண்டு மேலே வந்தது. நுனியில் மஞ்சள், கறுப்புப் புள்ளி.

வரிசையில் இன்னும் முப்பது கெஜம் பாக்கி இருந்தது. அவள் கையில் இருந்த நாற்றைப் பக்கத்தில் நின்ற காளியம்மாளிடம் கொடுத்துவிட்டு, குஞ்சிதபாதத்தைத் தாண்டி, அவர் குடை நிழலில் கால் வைத்து, கரையேறிப் போனாள்.